சக்கரத்தின் மேல் குடித்தனம்: ட்ரெய்லரில் கிளம்பும் ஓய்வுபெற்ற தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிட்டயர் ஆனதும் காசி, ராமேஸ்வரம் என்று ரயிலில் போய்விட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்தவர்கள்தான் மதுரைப் பக்கம் அதிகம். இப்போது காருக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர் வீட்டைக் கோத்துக்கொண்டு இரண்டு மாதம், மூன்று மாதம் ஊர் சுற்றலாமா என்று கேட்கிறவர்கள் ஒருசிலராவது இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது பழைய பழக்கம். அங்கே இதற்கென்றே தங்குமிடங்கள் உண்டு. கரண்டு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் வண்டி நிற்கும் இடத்துக்கே வரும். அந்த ஊர் வீடியோவை நம்பி இந்த ஊர் ரோட்டில் வண்டியை இறக்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: சுற்றுலா என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். இது சுற்றுலா இல்லை, குடித்தனம். பால் வாங்குவது, துணி காயப்போடுவது, மாத்திரை தீர்ந்துபோவது, பாத்ரூம் நிரம்புவது எல்லாம் கூடவே வரும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டையை முன்னால் அடுக்கினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். ட்ரெய்லரும் அதே கணக்குதான். பின்பாரம் ஏறினால் அறுபது, எழுபது வேகத்தில் வால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால், காரோடு கோக்கும் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 1200 கிலோ வண்டி என்றால் சுமார் 120 கிலோ. அதற்காக அள்ளி முன்னால் போட்டுவிடவும் கூடாது. காரும் கொக்கியும் தாங்கும் அளவு என்ன என்று பார்த்து, அதற்குள் நிற்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரிசி ஆலை, பழைய இரும்புக் கடை பக்கம் எடைமேடை இல்லாத ஊர் கிடையாது. சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி எடைமேடையில் முழுதாக நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு முன்னால் இருக்கும் சின்ன ஜாக்கி சக்கரம் மட்டும் மேடைக்கு வெளியே இருக்கும்படி நகர்த்தி இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் விழும் பாரம். எடைமேடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்; பார்க்கட்டும்.

எடை எங்கிருந்து ஏறுகிறது என்றால், பெரும்பாலும் சமையலறையிலிருந்துதான். கிரைண்டர், இட்லிக் கொப்பரை, பத்துப் படி அரிசி, ஊறுகாய் ஜாடி. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், 200 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் 200 கிலோ ஏறிவிடும். அதுவும் அரைகுறையாக நிரம்பிய டேங்க் வளைவுகளில் அலம்பும். ஒன்று நிரப்பிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் காலி செய்துவிட்டுப் போய்ச் சேரும் ஊரில் நிரப்புங்கள். மாவு அரைக்கிற வேலையை விட்டுவிடலாம். பாக்கெட் மாவு கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ரெண்டு வேளை மெஸ்ஸில் சாப்பிட்டால் குடி முழுகிப் போகாது. 'ரிட்டயர் ஆனது அவர் மட்டும்தான், எனக்கு அடுப்படிதான்' என்று மனைவி நினைக்கிற அளவுக்கு வண்டிக்குள் சமையல் நடந்தால், இரண்டாவது வாரமே பயணம் கசந்துவிடும்.

வால் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? பிரேக்கைப் போட்டு மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். நின்றதும் பாரத்தை மாற்றி அடுக்க வேண்டும். மதுரையிலிருந்து தெற்கே போகும்போது கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் சுழலும் காற்றாலைகளே எச்சரிக்கைப் பலகை. ஆடிக் காற்றில் அந்த நான்குவழிச் சாலையில் உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு பெரிய லாரி முந்திப் போனால் இன்னும் மோசம். பாம்பன் சாலைப் பாலமும் இதே கதைதான். காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையில் கடந்துவிடுவது நல்லது.

டயரில் பட்டன் தேயவில்லையே என்று ஏமாறாதீர்கள். வெயிலில் சும்மா நிற்கிற வண்டியின் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வயசாகி வெடிப்பு விடும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம்.

கேஸும் ஜெனரேட்டரும்

இந்த விஷயத்தில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்திருந்த யாத்ரீகர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். நின்றுகொண்டிருந்த பெட்டி, தூங்கிக்கொண்டிருந்த மனிதர்கள், நடுவில் ஒரு அடுப்பு. ட்ரெய்லர் வீட்டிலும் இந்த மூன்றும்தான் இருக்கின்றன.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேலே ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை உள்ளே வைத்துக்கொண்டு அலையாதீர்கள். 5 கிலோ சிலிண்டர் தனியாக விற்கிறது; அதை வெளிப்பக்கம் திறக்கும் தனி அறையில் நிமிர்த்திக் கட்டி வையுங்கள். வண்டி நகரும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். இன்டக்ஷன் அடுப்பு ஒன்று இருந்தால் பிளக் கிடைக்கும் ஊர்களில் கேஸைத் தொடவே வேண்டாம்.

ஜெனரேட்டர் புகை இதைவிடக் கொடிது, ஏனென்றால் அதிலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம். வண்டியை ஒட்டியோ, வண்டிக்கு அடியிலோ ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்றை மாட்டுங்கள்.

அப்படியானால் ஏசி? 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியில் 1800 வாட்-ஹவர் இருக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் நிற்பது 900. ஒரு டன் ஏசி ஏறத்தாழ 1000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதே பேட்டரியில், கரண்டு குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு விடிய விடிய ஓடும். ஆகவே கத்திரி வெயிலில் மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சமவெளியில் சுற்றத் திட்டம் போடுவதே பிழை. சமவெளிக்குத் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் கடலோரம் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் மலைக்குப் போகலாம்தான். ஆனால் ட்ரெய்லரோடு ஏறாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க முடியாது. வத்தலகுண்டில் தெரிந்தவர் தோப்பில் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுக் காரில் மட்டும் கொடைக்கானல் போங்கள். 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இரவு எங்கே நிறுத்துவது

கண்மாய்க் கரையில் நிறுத்தினால் காலையில் ஜன்னலைத் திறந்ததும் கொக்கு, நாரை என்று ஆசை காட்டும். திருமங்கலம், பேரையூர், கோவில்பட்டிப் பக்கமெல்லாம் கரிசல் மண். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரை மாதிரி ஏமாற்றும். ராத்திரி ஒரு மழை விழுந்தால் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும், டிராக்டர் வந்தால்தான் வெளியே வரும். தனுஷ்கோடி மணலிலும் அப்படித்தான், தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. மேகமலை புலிகள் காப்பகம். காட்டுக்குள் இரவு வண்டியை நிறுத்திப் படுப்பதற்கு வனத்துறை விடாது, விடவும் கூடாது.

நம் ஊரில் இதற்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது, யாரும் யோசிப்பதில்லை: கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன், தண்ணீர், கழிப்பறை, பிளக் பாயிண்ட் எல்லாம் உண்டு. மேனேஜரிடம் நேரில் பேசி, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். முகூர்த்த மாதங்களில் பெட்ரோல் பங்க்கில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்காமல் நிறுத்துவதில்தான் தகராறு வரும். எங்கே நிறுத்தினாலும் கழிவுத் தொட்டியை ஓடையிலும் கண்மாயிலும் திறந்துவிடுவது அநியாயம். அதே தண்ணீரில்தான் அடுத்த ஊர்க்காரர் குளிக்கிறார். கேசட் டாய்லெட், அதாவது கழிவுப் பெட்டி தனியாகக் கழன்று வருகிற டாய்லெட் வைத்திருந்தால், அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் போய்க் கழிப்பறையிலேயே கொட்டிக் கழுவிவிடலாம்.

வண்டியின் உயரத்தை அடி, அங்குலத்தில் டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை, தாழ்ந்த புளியமரக் கிளை, தெருவின் குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர், திருவிழா சீசனில் சீரியல் பல்பு என்று இடிப்பதற்கு ஆயிரம் இருக்கிறது. மதுரைக்குள்ளேயே மாசி வீதிகள் பக்கம் ட்ரெய்லரைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். ரிங் ரோட்டோடு நிறுத்திவிட்டுப் பஸ் பிடியுங்கள்.

ரெண்டு பேர் விஷயம்

ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். "வாங்க, வாங்க, இன்னும் வாங்க... ஏங்க, போதும்ங்க!" உள்ளே இருப்பவருக்கு ஏசி சத்தத்தில் கடைசி வார்த்தை மட்டும் கேட்காது. "முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?" "சொன்னேன்ல!" அந்தச் சண்டை சாப்பாடு வரை நீளும். இரண்டு ஏற்பாடு போதும். கண்ணாடியில் மனைவியின் முகம் தெரியவில்லை என்றால் உடனே வண்டி நிற்க வேண்டும். கத்துவதற்குப் பதில் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் பேச வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே ட்ரெய்லரின் வாலும் போகும். ஞாயிற்றுக்கிழமை காலியான மைதானத்தில் பழகிப் பாருங்கள், இரண்டு பேருமே.

இரண்டு பேரும் என்பது முக்கியம். அவருக்குத் திடீரென்று தலை சுற்றினால், கேஸை மூடி, கொக்கியைக் கழற்றி, காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டத் தெரிந்த ஆள் அந்த அம்மாதான். லைசென்ஸும் இருக்க வேண்டும். 55 வயதுக்குப் பிறகு புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், மருத்துவச் சான்றும் கேட்பார்கள். பயண நடுவில் காலாவதி ஆகிறதா என்று தேதியைப் பாருங்கள்.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். புரை தொடங்கியிருந்தால் எதிரே வரும் ஹெட்லைட் பூப்பூவாக விரியும். ராத்திரியில் ஓட்டுவது ஆபத்து. அண்ணா நகர் அரவிந்த் ஆஸ்பத்திரி மதுரைக்காரர்களுக்குத் தெரியாததில்லை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது அது. கண்ணில் குறை இல்லாவிட்டாலும் இருட்டியபின் ஓட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் தாராளம். இன்சுலின் போடுகிறவர்கள் மூடி நிற்கும் வண்டியில் அதை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது; வெயிலில் கெட்டுவிடும்.

காகிதங்களில் கவனிக்க வேண்டியது: ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு, இன்சூரன்ஸும் வேண்டும். இழுக்கும் காரின் எண்ணை ட்ரெய்லரின் பின்பக்கமும் எழுத வேண்டும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றைச் செல்போனில் முகம் காட்டியே ஜீவன் பிரமாண் மூலம் கொடுத்துவிடலாம். இதற்காக ஊர் திரும்பத் தேவையில்லை. முகூர்த்தத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். மொய் பாக்கி இருக்கிற வீட்டுக் காதுகுத்தை விட்டுவிட்டு எந்த மலையில் போய் உட்கார்ந்தாலும் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். காலண்டரில் அதைக் குறித்த பிறகு பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, எடுத்த எடுப்பில் காஷ்மீர் என்று கிளம்ப வேண்டாம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக வைகை அணை, தேனி, கம்பம் என்று நாலைந்து நாள் போய்ப் பாருங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த அலமாரி திறந்துகொள்கிறது, எந்தச் சாமானைத் தொடவே இல்லை என்று தெரிந்துவிடும். அதையெல்லாம் மதுரையிலேயே சரிசெய்துகொள்ளலாம். இங்கே ஸ்பேரும் கிடைக்கும், கூப்பிட்டால் வருகிற மெக்கானிக்கும் இருப்பார்.