ஐந்து டிஸ்க், இரண்டே சாட்சி

ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்களின் வீட்டுப் பதிப்புகளை ஒப்பிட ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் சில படங்களை அனுப்பினார். ஒரே காட்சி, ஐந்து டிஸ்க்கிலிருந்து எடுத்தது. கூடவே ஒரு தீர்ப்பு: "அண்ணே, மூன்று டிஸ்க்கில் கறுப்பு அடர்த்தியாகவும் நிறம் தூக்கலாகவும் இருக்கு. ரெண்டில்தான் வெளிறிப்போயிருக்கு. அப்ப 1977இல் தியேட்டரில் ஓடியதும் அந்த அடர்ந்த நிறம்தானே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வருடங்களுக்கு முன் இதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன்.

அகலத்திரையையும் ஓரம் வெட்டிய திரையையும் குழப்பிக்கொள்வது போன்ற சின்ன சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு நாளில் அவை தானாகச் சரியாகிவிடும். சுலபத்தில் சரியாகாத தவறுகள் மட்டும் கீழே.

பெட்டிகளை எண்ணி ஓட்டெடுப்பு நடத்துவது

என்னிடம் முதலில் இருந்தது 2006 டிவிடி. அந்தப் பெட்டியில் ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். ஒன்றில் 2004 டிவிடியில் வந்த, மாற்றங்கள் செய்யப்பட்ட படம். இன்னொன்றில் தியேட்டரில் ஓடிய பழைய வடிவம். இந்தப் பழைய வடிவத்தில் நகரும் உருவங்களின் ஓரம் லேசாக இழுபட்டுத் தெரிந்தது. அது பிலிமிலேயே இருந்த குறையா, டிவிடியில் வந்த குறையா என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன்.

அதற்காக 1993இல் வந்த லேசர்டிஸ்க் (டிவிடிக்கு முந்தைய, இசைத்தட்டு அளவுள்ள பட டிஸ்க்) தொகுப்பை வாங்கினேன். ஒன்பது டிஸ்க், தூக்கினால் கை வலிக்கும். அதை ஓட்ட ஒரு பிளேயர். அந்தப் பிளேயரை ஓட்ட ஒரு மின்மாற்றி. எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. போட்டுப் பார்த்தால் அதே இடத்தில் அதே இழுபறி. "இரண்டு தனித்தனி பதிப்புகள் ஒத்துப்போகின்றன, ஆகவே குறை பிலிமில்தான்" என்று ஒரு நோட்டு நிறைய எழுதி நண்பர்களுக்கும் அனுப்பிவைத்தேன்.

2006 டிவிடியில் இருந்த பழைய வடிவம், 1993 லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த மாஸ்டரிலிருந்தே, அதாவது மூலப் பிரதியிலிருந்தே, எடுத்தது. அகலத்திரை டிவிக்கு ஏற்றபடி மறுபடி செய்யக்கூட இல்லை, கறுப்புப் பட்டையோடு அப்படியே வந்தது. அந்த 1993 மாஸ்டரில் படத்தின் புள்ளி புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் வேலையைக் கொஞ்சம் கடுமையாகவே செய்திருந்தார்கள். நான் பார்த்த இழுபறி அதன் வேலை. பிலிமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு முறை வாக்குமூலம் வாங்கிவிட்டு, இரண்டு சாட்சி கிடைத்தது என்று கொண்டாடியிருக்கிறேன்! இந்தத் தகவல் டிவிடி வந்தபோதே பரவலாகப் பேசப்பட்டது. பெட்டி வாங்கும் அவசரத்தில் நான்தான் படிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

தம்பியின் ஐந்து டிஸ்க்குக்கு வருவோம். 2004 டிவிடி, 2006 பெட்டியின் முதல் டிஸ்க், 2011 ப்ளூ-ரே மூன்றும் 2004 டிவிடிக்காகப் பிலிமிலிருந்து எடுத்த ஒரே ஸ்கேனின் வாரிசுகள். ப்ளூ-ரேக்காக நிறத்தை அங்கங்கே திருத்தியிருந்தாலும் வேர் ஒன்றுதான். 1993 லேசர்டிஸ்க்கும் 2006 பெட்டியின் இரண்டாவது டிஸ்க்கும் இன்னொரு குடும்பம். ஆக இருப்பது இரண்டே சாட்சி. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மைக்கு இங்கே வேலையே இல்லை.

பழைய ஏடுகளில் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது) பார்ப்பவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம். இரண்டு ஏட்டில் சரியான சொல் ஒத்துப்போனால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால்தான், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறார்கள், அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று தெரியும். டிஸ்க்கிலும் அப்படித்தான். அழகான காட்சிகளை விட்டுவிட்டுக் கீறலைத் தேடுங்கள். ஒரு பிரேமில் ஒட்டிய முடி, ரீல் மாறும் இடத்தில் ஒரு குலுக்கல், ஓரத்தில் படம் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது, இவையெல்லாம் இரண்டு டிஸ்க்கில் அச்சாக ஒத்துப்போனால் அவை இரண்டும் ஒரு சாட்சி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான மூன்றாவது சாட்சி வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓட்டிய பிலிம் பிரதிக்குத்தான், அதாவது பிரிண்ட்டுக்குத்தான், போக வேண்டும். அதிலும் சாதாரண ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்டுகள் பெரும்பாலும் சாயம் போய்ச் சிவந்துவிட்டன. பிரிட்டனில் டெக்னிகலர் சாயமேற்று முறையில் போட்ட பிரிண்ட்டுகள் வெளிறுவதில்லை. அப்படி ஒன்றைத்தான் 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் திரையிட்டது.

நினைவைச் சாட்சிக்கு அழைப்பது

வேண்டாம்.

எல்லாவற்றையும் "ஸ்பெஷல் எடிஷன்" என்று ஒரே மூட்டையில் கட்டுவது

பழைய படங்களில் மாற்றங்கள் செய்து 1997 முதல் வெளியிட்ட வடிவங்களைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் 1997, 2004, 2011, 2019 நான்கும் வேறு வேறு. முதல் படத்தில் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவும் அவனைப் பிடிக்க வந்த கிரீடோவும் மதுக்கடையில் இருக்கும் ஒரு காட்சி போதும். 1977இல் ஹான் மட்டுமே சுட்டான். 1997இல் கிரீடோ முந்திக்கொண்டான். 2004இல் ஏறக்குறைய இருவரும் ஒரே நேரத்தில். 2019இல் கிரீடோ சாகுமுன் "மக்லங்கி" என்று ஏதோ சொல்கிறான். மூன்றாம் படத்தின் முடிவில் ஆவியாக வரும் அனகின் (வில்லன் டார்த் வேடரின் பழைய பெயர்) 2004இல்தான் இளைஞனானான். 2011இல் அதே படத்தில் டார்த் வேடர் "நோ" என்று கத்த ஆரம்பித்தான். வருடத்தைச் சொல்லாமல் "புது வெர்ஷனில் இப்படி" என்று எழுதும் குறிப்பு குப்பைக்குத்தான் போகும்.

நேரம் குறைந்தால் காட்சி வெட்டு என்பது

பால் (PAL) என்ற டிவி முறை உள்ள நாடுகளில் நொடிக்கு 24 பிரேம் படத்தை 25ஆக ஓட்டுவார்கள். 121 நிமிடப் படம் 116க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். 1982 லேசர்டிஸ்க்கில் முதல் படத்தை ஒரே டிஸ்க்கில் அடக்குவதற்காகவே வேகத்தைக் கூட்டினார்கள். ஒரு காட்சியும் வெட்டுப்படவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே நம்புவது

டிஸ்க்கில் உள்ள எண்களை நிறமாக மாற்றும் கணக்கு டிவிடிக்கு 601 என்ற தரம், ப்ளூ-ரேக்கு 709 என்ற தரம். மென்பொருள் ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் சிவப்பும் பச்சையும் இடம் நகரும். கறுப்புக்கு உரிய எண் 16இல் தொடங்குகிறதா, 0இல் தொடங்குகிறதா என்பதில் குழம்பினால் ஒரு படம் சாம்பல் பூக்கும், இன்னொன்று இருண்டு போகும். டிஸ்க்கைத் திட்டுமுன் செட்டிங்கைப் பாருங்கள்.

பெட்டியில் "ரீமாஸ்டர்ட்" என்று போட்டிருப்பதை நம்புவது

எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும்.

கண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது

1977இலேயே முதல் படத்துக்கு மூன்று ஒலிக்கலவை: 70 மி.மீ. ஆறு தடம், டால்பி ஸ்டீரியோ, மோனோ. மோனோவில் நாயகன் லூக்கின் பெரூ அத்தையின் குரலே வேறு. வில்லன்களின் விண்வெளிக் கோட்டையான டெத் ஸ்டாரில் கதவை மூடச் சொல்லிக் கத்தும் வசனமும் மோனோவில் உண்டு, அன்றைய ஸ்டீரியோவில் கிடையாது. 2004 டிவிடியில் முதல் படத்தின் பின்பக்க இசை இடவலம் மாறிக்கிடக்கிறது. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் மாட்டாது.

எனக்கும் மாட்டவில்லை. லேசர்டிஸ்க் தொகுப்பை விற்றுவிடலாம் என்று விளம்பரமெல்லாம் எழுதிவைத்த பிறகு ஒரு நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அதில் இருப்பது பிசிஎம் என்ற, சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி. 2006 டிவிடியில் இருப்பது சுருக்கிய டால்பி. படம் இரண்டிலும் ஒரே சாட்சி, ஒலியில் லேசர்டிஸ்க் ஒரு படி மேல். விளம்பரத்தைக் கிழித்துப் போட்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.