ராக்கெட் நிறுவனத்தின் கணக்கைப் படிப்பது எப்படி? கோத்தகிரியிலிருந்து ஒரு கணக்காளரின் குறிப்பு

கோத்தகிரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகளும் ஓய்வூதியர்களும்தான். சில காலமாக அவர்களில் ஓரிருவர் வருமான வரிப் படிவத்தோடு இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள்: "சார், இந்த ராக்கெட் கம்பெனி ஷேர் வாங்கலாமா?" கைப்பேசியில் நெருப்பைக் கக்கியபடி கிளம்பும் ராக்கெட்டின் படம் இருக்கும், அதன் கீழே, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பங்கு, குறைந்த எண்ணிக்கையே மிச்சம் என்று ஒரு வரி இருக்கும். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதில்லை. சிறு செயற்கைக்கோள்களை ஏவும் நிறுவனத்தின் கணக்கை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளின் விரிவே இது.

முதலில் தாள்கள் கைக்கு வர வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால், அதன் ஆண்டறிக்கையும் காலாண்டறிக்கைகளும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சென்னை அக்னிகுல், ஹைதராபாத் ஸ்கைரூட் போன்ற பட்டியலிடப்படாத இந்திய நிறுவனங்களுக்கு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி, ஏஓசி-4 படிவத்தோடு இணைந்துள்ள நிதிநிலை அறிக்கையைப் பார்க்கலாம். தரகர் அனுப்பும் வண்ணப் பக்கங்கள் இதற்கு ஈடாகா. 100 ரூபாய் செலவழிக்கத் தயங்குபவர் லட்ச ரூபாய் போடத் துணிவது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

அறிக்கையைத் திறந்ததும் எல்லாரும் லாப நஷ்டக் கணக்குக்குப் போவார்கள். நீங்கள் பணப் பாய்வு அறிக்கைக்குப் போங்கள். கையில் உள்ள ரொக்கம் எவ்வளவு, தொழிலை நடத்துவதிலும் இயந்திரம் வாங்குவதிலும் ஒரு காலாண்டில் வெளியே போனது எவ்வளவு என்ற இரண்டு எண்களை எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, மூன்றால் பெருக்கினால், புதுப் பணம் வராமல் அந்த நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். போயிங் 747 விமானத்தின் இறக்கைக்கு அடியிலிருந்து ராக்கெட்டை விடுவித்து ஏவிய வர்ஜின் ஆர்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் இறுதியில் அதன் கையிருப்பு சுமார் 7.1 கோடி டாலர். அந்தக் காலாண்டில் மட்டும் கரைந்தது 5 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பெருக்கினால் நான்கு மாதச் சொச்சம் வருகிறது, அதாவது 2023 பிப்ரவரி வாக்கில் கஜானா காலி. தாய்க் குழுமம் கொடுத்த கடன் சில வாரங்களை நீட்டித்தது. ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து நடந்த ஏவுதல் தோற்றது. ஏப்ரல் 4 அன்று நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அந்தத் தோல்விதான் நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று பலர் எழுதினார்கள். செப்டம்பர் கணக்கைப் படித்திருந்தவருக்கு, தோல்விக்கு முன்பே நாள் குறிக்கப்பட்டிருந்தது தெரிந்திருக்கும். பட்டியலிடப்பட்டபோது 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட அந்த நிறுவனத்தின் விமானமும் தொழிற்கூடமும் கருவிகளும் பிரித்து விற்கப்பட்டபோது தேறியது ஏறத்தாழ 3.6 கோடி டாலர்.

அடுத்து, ஆண்டுக்கு எத்தனை ஏவுதல்கள் என்று எண்ணுங்கள். இதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. இலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஒரு தேயிலை ஃபாக்டரியில், ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகி வரத்துப் பாதியாகக் குறைந்தாலும், சம்பளமும் வங்கி வட்டியும் பாதியாகக் குறைவதில்லை. ஒரு கிலோ தூளுக்கான அடக்க விலை ஏறிவிடுகிறது. ராக்கெட் நிறுவனத்தில் இந்த நிலைச் செலவு இன்னும் கடுமையானது. பொறியாளர்களும் ஏவுதளமும் சோதனைக் கூடமும், ஒரு ராக்கெட் போனாலும் இருபது போனாலும் இருந்தே ஆக வேண்டும். வர்ஜின் ஆர்பிட் எந்த ஆண்டிலும் இரண்டு முறைக்கு மேல் ஏவியதில்லை; மொத்தம் ஆறு முயற்சிகள், அவற்றில் நான்கு வெற்றி. நியூசிலாந்தில் பீட்டர் பெக் தொடங்கிய ராக்கெட் லேப் 2021-இல் 6, 2022-இல் 9, 2023-இல் 10, 2024-இல் 16 என்று ஏறிவந்தது. மேடையில் அறிவிக்கப்படும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, நடந்த எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். இத்துறையில் ‘அடுத்த ஆண்டு மாதம் ஒன்று’ என்று சொல்லாத நிறுவனம் அரிது.

ஒவ்வொரு தோல்விக்கும் மறு ஏவுதலுக்கும் இடையிலான நாட்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ராக்கெட் லேப் 2023 செப்டம்பரில் தோற்று டிசம்பரில் மீண்டும் ஏவியது. இஸ்ரோவின் சிறு ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி 2022 ஆகஸ்டில் முதல் முயற்சியில் தோற்று, 2023 பிப்ரவரியில் வென்றது. இஸ்ரோவுக்குப் பின்னால் அரசின் நிதி இருந்தது. தனியார் நிறுவனத்துக்கு அந்த ஆறு மாதச் சம்பளமும் மேலே சொன்ன கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும்.

மூன்றாவது எண் கிலோவுக்கான கட்டணம். ராக்கெட் லேபின் எலக்ட்ரான் ராக்கெட் சுமார் 300 கிலோவைச் சுமக்கும். ஓர் ஏவுதலின் கட்டணம் 2021 வாக்கில் ஏறத்தாழ 75 லட்சம் டாலராக இருந்தது. ஆக, கிலோவுக்கு 25,000 டாலர். ஸ்பேஸ்எக்ஸ் 2021 ஜனவரியில் டிரான்ஸ்போர்ட்டர்-1 பயணத்தில் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்று, 2017-இல் நம் பிஎஸ்எல்வி 104 செயற்கைக்கோள்களோடு படைத்த சாதனையை முறியடித்தது. அந்தப் பகிர்வுப் பயணத்தின் அப்போதைய கட்டணம் 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர், அதாவது கிலோவுக்கு 5,000 டாலர். பிறகு கட்டணம் உயர்ந்தாலும் இடைவெளி பெரிதாகவே நீடிக்கிறது. ஐந்து மடங்கு கொடுத்து யார் போவார்கள் என்று கேளுங்கள். தனக்கென ஒரு குறிப்பிட்ட சுற்றுப்பாதையும் தேதியும் தேவைப்படுகிறவர்கள் போவார்கள்: பாதுகாப்புத் துறைகள், ஜப்பானின் சின்ஸ்பெக்டிவ் போல ஒவ்வொரு செயற்கைக்கோளையும் வேறு வேறு பாதையில் வைக்க வேண்டியவர்கள். சந்தை இருக்கிறது, ஆனால் அது விளம்பரத்தில் காட்டப்படும் அளவுக்கு அகலமானதன்று என்பதே என் கணிப்பு.

அதனால்தான் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ராக்கெட் லேபின் 2024 வருவாய் 43.6 கோடி டாலர். அதில் ஏவுதல் சேவையின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் செயற்கைக்கோள்களையும், சூரியத் தகடு போன்ற அவற்றின் பாகங்களையும் செய்து விற்றதில் வந்தது. அப்படியும் அந்த ஆண்டு நிகர நஷ்டம் 19 கோடி டாலர். நியூட்ரான் என்ற பெரிய ராக்கெட் உள்ளிட்ட ஆய்வுப் பணிகளுக்கான செலவு மட்டும் 17 கோடி டாலரைத் தாண்டியதுதான் அதற்கு முக்கியக் காரணம். விற்பனையில் வருவது உற்பத்திச் செலவை மிஞ்சுகிறது, நஷ்டம் எதிர்காலத்துக்கான செலவால் வருகிறது என்றால் அது ஒரு வகை. விற்கும் ஒவ்வொரு ராக்கெட்டிலும் கையைக் கடிக்கிறது என்றால் அது வேறு வகை. இரண்டுக்கும் ‘நஷ்டம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு நகர்ந்துவிடக் கூடாது.

இனி, இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) கண்ணை ஏமாற்றும் இடங்கள். அமெரிக்கக் கணக்கு முறையில் ஆய்வு மற்றும் உருவாக்கச் செலவு பொதுவாக அந்தந்த ஆண்டின் செலவாகவே எழுதப்படும். இந்தியக் கணக்குத் தரங்களிலோ, உருவாக்கக் கட்டத்தை எட்டிய பணியின் செலவை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ‘உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்து’ என்று சொத்துப் பக்கத்தில் வைக்கலாம். அது முறைகேடு அன்று, சட்டப்படி சரிதான். ஆனால் நஷ்டம் சிறியதாகத் தெரியும். இந்திய நிறுவனத்தை வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பிடும் முன், அந்தச் சொத்து முந்தைய ஆண்டைவிட எவ்வளவு கூடியது என்று பார்த்து, அந்தத் தொகையை நஷ்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் கடன் பக்கத்தில் இருக்கும். ரொக்கம் செழிப்பாகத் தெரிவது அதனாலா என்றும் பாருங்கள். ஆர்டர் எண்ணிக்கை பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை: முன்பணம் வராத ஒப்பந்தத்தை நான் ஆர்டராக எண்ணுவதில்லை.

வாய்ப்புகளும் உண்மையானவையே. ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் 2022 நவம்பர் 18 அன்றும், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு அக்னிகுல்லின் அக்னிபான் சார்ட்டெட் 2024 மே 30 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தன. இரண்டும் துணைச் சுற்றுப்பாதைப் பயணங்கள், அதாவது பூமியைச் சுற்றாமல் மேலே போய்த் திரும்பி விழுபவை. பணம் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு வேண்டியதோ சுற்றுப்பாதை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவும்போது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுவது போல இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை. எரிபொருள் மிச்சமாகும், அதனால் சிறிய ராக்கெட்டின் சுமைத் திறன் கூடும். அதே ஆண்டு ஏவுவாகனத் துறையில் 49 சதவீதம் வரை அந்நிய முதலீடு தானியங்கி வழியில் அனுமதிக்கப்பட்டது. மறுபுறம், எஸ்எஸ்எல்வி தொழில்நுட்பத்தை 2025-இல் 511 கோடி ரூபாய் ஏலத்தில் ஹெச்ஏஎல் வென்றிருக்கிறது. புதிய நிறுவனங்கள் மோத வேண்டிய உள்நாட்டுப் போட்டியாளர் ஒரு பொதுத்துறை நிறுவனம் என்பதைத் தரகர்கள் சொல்வதில்லை.

கடைசியாக, பங்கு என்ற தாளைப் பற்றி. தனியார் நிறுவனத்தின் பங்கை மாற்றிக்கொள்ள அதன் விதிகளிலேயே கட்டுப்பாடு இருக்கும். உறுப்பினர் எண்ணிக்கைக்கும் 200 என்ற வரம்பு உண்டு. அங்கீகாரமில்லாத தளங்களில் பட்டியலிடப்படாத பங்குகளை வாங்கி விற்பது குறித்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. அண்மையில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தரகர் கேட்ட முன்தொகையை ஏற்கெனவே கட்டியிருந்தார். விற்பவர் பெயரில், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில், அந்தப் பங்கு இருப்பதற்கான சான்றை எழுத்தில் கேட்கச் சொன்னேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு முன்தொகையில் பாதிதான் திரும்பி வந்தது.

அவருக்காக எழுதிய தாளில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன்: தாங்கும் மாதங்கள், நடந்த ஏவுதல்கள், கிலோவுக்கான கட்டணம், ஏவுதல் அல்லாத வருவாய். முதல் கட்டம் மட்டுமே நிரம்பியிருக்கிறது. இந்திய நிறுவனங்களின் மார்ச் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் அக்டோபர் இறுதிக்குள் அமைச்சகத் தளத்துக்கு வந்துவிடும். மற்ற மூன்றையும் நவம்பரில் சேர்ந்து நிரப்புவதாக ஏற்பாடு.