ஆமிஷ் கிராமங்களில் ஹலாலாக ஒரு வாரம்: லாங்காஸ்டர் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் மாவட்டத்துக்கு நாங்கள் இரண்டு முறை போய் வந்துவிட்டோம். முதல் முறை தங்கிய மூன்று நாளில் பாதி நேரம் சாப்பாடு தேடியே போனது. அடுத்த முறை முழுதாக ஒரு வாரம் தங்கினோம். பிள்ளைகளுக்குத் திரும்பி வர மனமே இல்லை. இடையில் நாங்கள் மாற்றிக்கொண்டவை சில முடிவுகள்தான். அவற்றை வரிசையாக எழுதுகிறேன். பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்கள் யார், ஏன் கார் ஓட்டுவதில்லை என்பதெல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள். நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: ஞாயிற்றுக்கிழமையை வைத்து நாள் குறியுங்கள்

முதல் முறை சனிக்கிழமை இரவு போய் இறங்கினோம். மறுநாள் காலை ஆமிஷ் கடை, சந்தை, குதிரை வண்டி சவாரி எதுவும் இல்லை. ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு நாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி வழிபடுவார்கள். இடைப்பட்ட ஞாயிறுகளில் உறவினர் வீடுகளுக்குப் போவார்கள். அதனால் திங்கள் போய்ச் சேர்ந்து, ஞாயிறு காலை கிளம்பும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்றால் என் ஓட்டு செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும். ஆப்பிளும் பூசணியும் வந்து குவியும் காலம். இன்னொரு காரணம் தொழுகை நேரம். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டிவிடும், இஷா பத்துக்கு மேல், சுபுஹு நாலு மணிக்கு முன்பே. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நேரக் கணக்கில் ஓய்வான விடுமுறை அமையாது. அக்டோபரில் மஃரிப் ஏழு மணிக்குள் வந்துவிடும். சாப்பிட்டு, இஷா தொழுது, நிம்மதியாகத் தூங்கலாம்.

படி 2: சமையலறை இல்லாத அறையை எடுக்காதீர்கள்

நாங்கள் முதலில் எடுத்தது சாதாரண ஹோட்டல் அறை. இரண்டாவது முறை, 30, 340 என்ற இரண்டு சாலைகளுக்கு நடுவே, ரோங்க்ஸ், பேர்ட்-இன்-ஹேண்ட் பக்கம் சமையலறையோடு ஒரு சிறு வீடு எடுத்தோம். பெரும்பாலான இடங்கள் அங்கிருந்து பக்கம்.

வாடகை வீட்டுப் பாத்திரங்களில் முன்பு என்ன சமைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு இரும்பு வாணலி, ஒரு இன்ஸ்டன்ட் பாட் (மின் பிரஷர் குக்கர்), ஒரு கத்தி, ஒரு வெட்டுப்பலகை, இவ்வளவும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். ரைஸ் குக்கர் தனியாகத் தேவையில்லை. இன்ஸ்டன்ட் பாட்டிலேயே சோறும் ஆகும், தாளிச்சாவும் ஆகும். வெளியே கிரில் இருந்தால் கம்பிமேல் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்துவிடுங்கள்.

இறைச்சியை உறைய வைத்து ஐஸ் பெட்டியில் கொண்டு போகலாம். தீர்ந்தால் லாங்காஸ்டர் நகரில் ஹலால் கடை இருக்கிறது. பல நாட்டு அகதிகளை வரவேற்றுக் குடியமர்த்திய ஊர் அது. அவர்களில் முஸ்லிம்களும் நிறையப் பேர். காய், முட்டை, பால், சோளம், ஜாம் எல்லாம் பண்ணை வாசலிலேயே கிடைக்கும். பல இடங்களில் ஆள் இருக்க மாட்டார். காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை நோட்டுகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சரியான கேள்வியைக் கேளுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கடையில் ஷூஃப்ளை பை (pie) பார்த்தோம். கரும்புப் பாகு போன்ற மொலாசஸை நிரப்பிச் சுடும், அந்த ஊரின் பெயர்பெற்ற இனிப்பு. "இதில் பன்றி இறைச்சி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். விற்ற அம்மா, இனிப்பில் எதற்கு இறைச்சி என்பது போலப் பார்த்து, இல்லை என்றார். வாங்கினோம், சாப்பிட்டோம். இரவு என் கணவர் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். மாவில் லார்ட், அதாவது பன்றிக் கொழுப்பு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். நான் கேட்க வேண்டியது கொழுப்பைப் பற்றி. பையின் மேலோடு பொரபொரப்பாக வருவதற்கு லார்ட் சேர்ப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம்.

இப்போது இப்படிக் கேட்கிறேன்: "மாவில் என்ன கொழுப்பு சேர்க்கிறீர்கள்? லார்டா, வெண்ணெயா, வெஜிடபிள் ஷார்ட்டனிங்கா?" வெறும் ஷார்ட்டனிங் என்று பதில் வந்தால், அது தாவரக் கொழுப்புதானா என்று இன்னொரு முறை கேளுங்கள். டோனட் என்றால் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. எங்கள் நம்பிக்கைப்படி இதைச் சாப்பிட மாட்டோம் என்று ஒரு வரி சொன்னால் போதும், அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. உடையிலும் உணவிலும் நம்பிக்கையைக் கடைப்பிடித்து வாழ்கிறவர்கள் அவர்கள். ஒரு பெண் உள்ளே போய் மாவு பிசைந்தவரையே கூட்டி வந்து எனக்குப் பதில் சொல்ல வைத்தார்.

உப்பு உணவுகளில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. பீன்ஸை ஹாமோடு சேர்த்து வேகவைப்பார்கள். நூடுல்ஸைக் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள். அவித்த மொச்சை போன்ற பேக்டு பீன்ஸில் பேக்கன் இருக்கலாம். ஹாம், பேக்கன் இரண்டும் பன்றி இறைச்சிதான். ஸ்க்ராப்பிள் என்பது பன்றி இறைச்சித் துணுக்குகளைச் சோளமாவோடு சேர்த்துச் செய்வது. லெபனான் போலோக்னா என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பக்கத்து மாவட்டமான லெபனானின் மாட்டிறைச்சிப் பண்டம். ஹலால் முத்திரை இல்லாவிட்டால் நமக்கு ஆகாது. சைவமா என்று கேட்பதும் போதாது, எந்தச் சாற்றில் வெந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தக் காரணத்தால் ஸ்மார்கஸ்போர்ட் எனப்படும் பெரிய பஃபே உணவகங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஐம்பது பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரணை. கரண்டிகளும் மாறி மாறிப் போகும். அந்தப் பணத்துக்கு நல்ல வெண்ணெய், ரொட்டி, ஆப்பிள் பட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆப்பிள் பட்டரில் வெண்ணெய் கிடையாது. ஆப்பிளை நெடுநேரம் காய்ச்சிக் கூழாக்கியது.

படி 4: தொழுகை

கிப்லா வடகிழக்கு. வடக்கிலிருந்து வலப்பக்கம் சுமார் 57 பாகை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், வாழ்நாள் முழுக்க மேற்கே பார்த்துத் தொழுதவர், முதல் நாள் பழக்கத்தில் மேற்கே முஸல்லாவை விரித்துவிட்டார். போனில் உள்ள திசைகாட்டி காருக்குள்ளும் இரும்புக்குப் பக்கத்திலும் தடுமாறும். எளிய வழி ஒன்று உண்டு: லுஹர் நேரம் தொடங்கும்போது உங்கள் நிழல் நேர் வடக்கே விழும். அதை வைத்துத் தங்கும் வீட்டில் ஒரு மூலையை அடையாளம் வைத்துவிட்டால் வாரம் முழுக்கக் கவலையில்லை.

வெளியே போகும் நாட்களில் ஒளுவுக்குத் தண்ணீர் பாட்டில் காரில் இருக்கட்டும். தொழ இடம் வேண்டுமென்று யாருடைய வயலிலும் கால் வைக்காதீர்கள். மாவட்டப் பூங்காவில் மரத்தடிகள் தாராளமாக இருக்கின்றன. கஸ்ர் விஷயத்தில் ஒன்று: நான்கு முழு நாட்களுக்குத் தங்க நிய்யத் வைத்தாலே ஷாஃபி மத்ஹபில் சுருக்கித் தொழ முடியாது, ஹனஃபியில் கணக்கு பதினைந்து நாள். கிளம்பும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும்

வெள்ளிக்கிழமை நகரத்துக்கு. லாங்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டுமே நடக்கும். 1889இல் கட்டிய செங்கல் கட்டடம். காலையில் சந்தை, அப்புறம் பள்ளிவாசலில் ஜும்ஆ, திரும்பும் வழியில் ஹலால் இறைச்சி. மூன்று வேலையும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு நாள் ஸ்ட்ராஸ்பர்க் ரயில். 1832இல் தொடங்கிய ரயில் நிறுவனம், நீராவி எஞ்சின், பாரடைஸ் என்ற ஊர் வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். இருபுறமும் ஆமிஷ் வயல்கள். கோவேறு கழுதைகள் கலப்பை இழுப்பதை என் மகன் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தான். எதிரிலேயே ரயில் அருங்காட்சியகம். மழை வந்தால் அங்கே போய்விடலாம்.

திங்கட்கிழமை சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், நியூ ஹாலந்து கால்நடைச் சந்தையை எட்டிப் பாருங்கள். ஆடுகள் ஏலம் போகும் இடம்; ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் நம் ஆட்களும் ஆடு வாங்க வருவார்கள். மற்ற நாட்களில் கூரை போட்ட பழைய மரப்பாலங்களைத் தேடிச் சும்மா கார் ஓட்டுங்கள். இதற்குக் காகித வரைபடம்தான் சரி. போன் உங்களை வேகமான பெரிய சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும்.

சாலையில் ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய சாம்பல்நிறக் குதிரை வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் வேண்டாம், குதிரை மிரளும். முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். உருவம் பதிப்பது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாதது. என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "நம்ம வாப்பாமார் காலத்துல போட்டோன்னா இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர் பண்ணைவீட்டு நாய்களைப் பற்றிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுத மறந்தது. பெரும்பாலான பண்ணைகளில் நாய் உண்டு, பாசமாக வந்து நக்கும். நம் பக்கத்து ஷாஃபிகளுக்கு ஏழு முறை கழுவும் சட்டம் இருப்பதால், வீடு எடுக்கும் முன்பே, நாய் அவிழ்த்து விட்டிருக்குமா, வீட்டுக்குள் வருமா என்று எழுதிக் கேளுங்கள். தொழும் உடுப்பைத் தனிப் பையில் வையுங்கள்.

இன்னொருவர் உருளைக்கிழங்கு சிப்ஸ் பையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். உள்ளூர் சிப்ஸ்களில் சில லார்டில் பொரித்தவை. கெட்டியான பிரெட்ஸெல்களில் சிலவற்றிலும் அது சேரும். பையின் பின்பக்கத்தைப் படிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கு: ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஆம்டிராக்கின் கீஸ்டோன் ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே லாங்காஸ்டரில் விட்டுவிடும். ஆனால் கிராமங்களுக்குள் சுற்ற அங்கிருந்து ஒரு வாடகைக் கார் எடுத்தே ஆக வேண்டும். அதையும் திங்கட்கிழமைக்கே சொல்லி வைத்துவிடுங்கள்.