நிறை மாறா விதி: பலூன் வேண்டாம், சோடா பாட்டில் போதும்

தக்கலையில் என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. அப்பச்சோடாவையும் வினிகரையும் கலந்து, பாட்டில் வாயில் பலூன் மாட்டி எடை பார்த்தாள். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தது. "மாமா, லவாய்சியே சொன்னது தப்பா?" என்றாள். வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பதுதான் அந்த வேதியியலாளர் சொன்ன விதி.

தப்பு பலூனில்தான். உப்பிய பலூன் தான் விலக்கிய காற்றால் மேலே தூக்கப்படுகிறது. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம், அந்த அளவுக்குத் தராசு குறைத்துக் காட்டும்.

இப்படிச் செய்யுங்கள். கேஸ் பானம் வந்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 60 மில்லி வினிகர் விடுங்கள். தட்டையாக ஒரு டீஸ்பூன், சுமார் 4 கிராம் அப்பச்சோடாவை டிஷ்யூ பேப்பரில் ஒல்லியாகப் பொதிந்து பாட்டில் கழுத்தில் செருகி, மூடியை இறுக்குங்கள். எடை பார்த்துவிட்டுக் குலுக்குங்கள். பாட்டில் பலூன்போல உப்பாமல் கல்லுபோல விறைக்கும்; எடை அப்படியே நிற்கும். பிறகு மெதுவாகத் திறந்தால் "உஸ்ஸ்" என்று ஒன்றிரண்டு கிராம் போய்விடும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, வெடிக்கும். சோடாவின் அளவையும் கூட்டாதீர்கள்.

அணுக்கொள்கை தந்த டால்டன் 1808இல் எழுதியதை அந்த இடத்திலேயே சொல்லிக்கொடுங்கள்: அணுக்கள் அழியவில்லை, இடம் மாறிச் சேர்ந்திருக்கின்றன.