காலி வீதியில் கோபம் தணிந்த கதை

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் கார் ஓட்டும் எனக்குத் தனியார் பஸ் என்றாலே பற்றிக்கொண்டு வரும். தரிப்பிடத்தில் நிற்பதுபோல் ஒதுங்கி, சைகை விளக்குக்கூடப் போடாமல் சட்டென்று குறுக்கே மூக்கை நுழைப்பார்கள். உடனே என் கை ஹோர்னுக்குப் போகும். அடுத்த சந்திவரை அந்தப் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஆபத்து அங்கேதான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். அந்நேரம் பாதசாரிக் கடவையில் யாராவது கால் வைத்தால்?

கோபத்தை அடக்கிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு இடைவெளியை மாற்றினேன். முன்னால் போகும் வாகனம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுவேன். எண்ணி முடிவதற்குள் நான் கம்பத்தை எட்டிவிட்டால் வேகத்தைக் குறைப்பேன். மழையென்றால் நான்குவரை எண்ண வேண்டும். அந்த இடைவெளிக்குள் முச்சக்கர வண்டி புகத்தான் செய்யும். புகட்டும், மறுபடி எண்ணுவேன். எண்ணுகிற வாய்க்குத் திட்ட நேரமில்லை.

பல தனியார் பஸ்களில் அன்றைய வசூலை வைத்துத்தான் சாரதிக்குச் சம்பளம். அதை நினைத்தால் பாதிச் சூடு தணிகிறது. மீதிக்கு இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.