விலைச்சீட்டு சொல்லாத சமரசங்கள்: உயர்விலை ஒலிக்கருவி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் குடியிருக்கும் வீட்டில் பாட்டு கேட்பதற்கென்று ஒதுக்கிய அறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு, சேமிப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டு, இடுப்புயரம் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கரை அந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். கடையின் விசாலமான கூடத்தில் அவை அளவோடும் தெளிவோடும் ஒலித்தன. வீட்டிலோ, திரைப்பாடல்களில் பேஸ் கிதாரின் ஓரிரு சுரங்கள் மட்டும் அறை முழுவதும் பொங்கி எழுந்து பாடகரின் குரலையே மூழ்கடித்தன. ஸ்பீக்கரில் எந்தக் குறையும் இல்லை என்பதும், அறையின் அளவைக் கணக்கில் எடுக்காமல் வாங்கியதே காரணம் என்பதும் எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையிலுள்ள தொலைவு ஓர் ஒலியலையின் பாதி நீளத்துக்குச் சமமாகும்போது, அந்த அதிர்வெண் அறைக்குள் தங்கிப் பெருகுகிறது. 12 அடி, அதாவது 3.66 மீட்டர் நீளத்துக்கு அந்த அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். என் அறையின் அகலமும் உயரமும் ஒன்றாகவே இருந்ததால், 57 ஹெர்ட்ஸில் இரண்டு பெருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நான்கு தந்தி பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸிலும் அதற்கு அடுத்த தந்தி 55 ஹெர்ட்ஸிலும் அதிர்வதால், பாட்டுக்குப் பாட்டு அந்தச் சுரங்கள் வந்துகொண்டே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே தானாகவே அடங்கிவிடும் ஒரு சிறிய ஸ்பீக்கர் இந்த அறையை இவ்வளவு தூண்டியிருக்காது. அது பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்திருக்கும்.

இந்தக் கோளாறுக்கு ஜமுக்காளமும் திரைச்சீலையும் மருந்து என்று நினைப்பது அடுத்த தவறு. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள வீட்டில் அவை உயர் அதிர்வெண்களின் எதிரொலியைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளமே 86 சென்டிமீட்டர் என்னும்போது, அரை அங்குலத் துணி அதை எதுவும் செய்ய இயலாது. மேல் ஒலிகள் மட்டும் உறிஞ்சப்பட்டுக் கீழ் ஒலிகள் அப்படியே நிற்பதால், அறை முன்னைவிட மந்தமாகக் கேட்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி வெளியே இழுப்பதும், நாற்காலியை அறையின் நட்டநடுவிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் விலக்குவதும் காசில்லாமல் செய்யக்கூடியவை. என் அறையில் அவைதான் பெரும் பலன் தந்தன. புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் கூடம் முற்றத்தை நோக்கித் திறந்திருப்பதால் பேஸ் எனப்படும் கீழ் ஒலி அங்கே தேங்காமல் வெளியேறிவிடுகிறது; அத்தகைய வீட்டில் நிறைவாக ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு, அதையே கான்கிரீட் அடுக்ககத்தின் படுக்கையறைக்கு வாங்குவது ஆபத்தானது.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. 1957இல் தொடங்கப்பட்ட கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் மூன்று நிறுவனர்களுள் ஒருவரான ஜோசப் ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் அதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பர். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்திறனிலேயே உரக்க ஒலிக்கும் தன்மை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு வடிவமைப்பாளர் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இந்த விதி அளவிலும் கடுமையானது. 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டுமானால், பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். பெட்டியை அப்படியே வைத்தால் மின்திறன் எட்டு மடங்கு வேண்டும். கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரின் கூம்பு வடிவக் கோன், அதே உரப்பைத் தர, பாதி அதிர்வெண்ணில் நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டியிருக்கும். அதற்கு நீளமான காயிலும் பெரிய காந்தமும் தேவை.

வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் பிபிசியின் பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் இந்தத் தெரிவுக்கு நல்ல சான்று. நெருக்கமான வண்டிக்குள் பேச்சொலியின் இயல்பைக் கண்காணிப்பதே அதன் வேலை என்பதால், ஆழமான பேஸையும் உரத்த ஒலியையும் அவர்கள் தெரிந்தே விட்டுவிட்டு, மனிதக் குரலின் நேர்மையைக் காத்துக்கொண்டனர். கச்சேரிப் பதிவுகளையே பெரும்பாலும் கேட்பவர்களுக்கு அப்படிப்பட்ட சமரசம் பெரிய இழப்பாகாது: ஒன்றாம் கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டியிலிருந்து இடி போன்ற பேஸும் வரும், சாதாரண ஆம்ப்ளிஃபயரே போதும், விலை கூடுதல் என்பதால் எல்லாம் சாத்தியம் என்று யாராவது சொன்னால், மூன்றில் எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். விலை உயர்ந்தாலும் விதி தளர்வதில்லை. விட்டுக்கொடுத்ததன் வடு கொஞ்சம் அழகாகத் தைக்கப்படுகிறது, அவ்வளவே.

வாட் எண்ணைப் பார்த்து ஆம்ப்ளிஃபயரைத் தேர்வதும் பரவலான தவறு. திறன் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். ஆகவே 100 வாட்டிலிருந்து 120 வாட்டுக்குப் போகக் கூடுதல் பணம் தருவது, ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டுக்குத் தரும் பணம். மாறாக, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 91 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் 82 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் ஒரே உரப்பில் ஒலிக்க, இரண்டாவதற்கு எட்டு மடங்கு திறன் தேவைப்படும். 8 ஓம் மின்தடை என்று அச்சிட்ட ஸ்பீக்கர்கள் சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே கூடுதலாகத் தேவைப்படும் மின்னோட்டத்தைத் தடுமாறாமல் தருகிறதா என்பதே ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.

விலை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாததால் இரண்டு எதிரெதிரான தவறுகள் நேர்கின்றன: ஒரு சாரார் விலையையே தரம் என்று நம்புகின்றனர், இன்னொரு சாரார் உள்ளே இருக்கும் உதிரிப்பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்து எல்லாமே மோசடி என்கின்றனர். ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி ஸ்பீக்கரின் வூஃபர், மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர், பெட்டி எல்லாவற்றுக்கும் 40,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கூலி, சோதனை, பொதி, வாடகை, வடிவமைப்பாளரின் ஊதியம், பழுதாகித் திரும்பி வருபவற்றுக்கான ஒதுக்கீடு, தன் லாபம் எல்லாம் சேர்த்துத் தயாரிப்பாளர் 80,000க்கு அதை இறக்குமதியாளரிடம் தருகிறார். கப்பல் கட்டணம், சுங்க வரி, இறக்குமதியாளரின் லாபம், கடைக்காரரின் லாபம், ஜிஎஸ்டி ஆகியவை ஏறும்போது அது எளிதாக 2 லட்சத்தைத் தொடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் தயாரிப்பாளர் ஓர் உறுப்புக்கு 1,000 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால், வாங்குபவர் 5,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இதே வழியில், ஒரு வார்ப்பு அச்சுக்கு 20 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 ஜோடி விற்பவருக்கு அது ஜோடிக்கு 200 ரூபாய். 200 ஜோடி மட்டுமே விற்பவருக்கு 10,000 ரூபாய். இந்தப் 10,000 கடைக்கு வரும்போது 50,000 ஆகிவிடும். சிறிய பட்டறையின் கருவி மிக விலை கூடியதாக இருப்பதற்கும், பெரிய நிறுவனத்தின் நடுத்தர விலைக் கருவி சில வேளைகளில் அதைவிடத் துல்லியமாக ஒலிப்பதற்கும் இதுவே பெரிய காரணம். மேலும், ஆம்ப்ளிஃபயரின் செலவில் பெரும்பங்கு அதன் கடைந்தெடுத்த அலுமினிய உடலுக்கும், ஸ்பீக்கரின் செலவில் பெரும்பங்கு பெட்டியின் மர ஒட்டுக்கும் மெருகுக்கும் போகின்றன. அழகுக்குப் பணம் தருவதில் தவறேதும் இல்லை. வீட்டின் நடுவே வைத்து இருபது ஆண்டுகள் பார்க்கப்போகும் பொருள் அது. அந்தப் பணத்தை ஒலிக்காகத் தந்தோம் என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு.

கடலோரத்தில் வாழும் நாம் கூடுதலாக நினைவில் கொள்ள வேண்டிய சமரசங்கள் சில உண்டு. வெளியூர் விமர்சனங்களில் இவை பேசப்படுவதில்லை. கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிஃபயர் பாட்டு இல்லாதபோதும் முழு மின்னோட்டத்தோடு நிற்பது. சிறந்த அமைப்பிலும் அதன் செயல்திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது என்பதால், இடம், வலம் என ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 25 வாட் தரும் கருவிகூடக் குறைந்தது 100 வாட்டை, நடைமுறையில் அதைவிட மிகுதியாக, வெப்பமாகக் கக்கிக்கொண்டே இருக்கும். குளிர்நாட்டில் அது இதமாக இருக்கலாம். கத்திரி வெயிலில் கடலூரில் அதன் அருகே அமர்ந்து ஒரு மணி நேரம் கேட்பது கடினம். மின்பகுபொருள் கண்டென்சர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. 35 டிகிரி அறையில் வேலை செய்யும் கருவிக்கும் 20 டிகிரி அறையில் வேலை செய்யும் கருவிக்கும் ஆயுள் ஒன்றாக இராது. வெப்பம் மிகக் குறைவாக வெளியிடும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர்களைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தை நம் பகுதியில் இருப்பவர்களாவது கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உப்புக்காற்றும் அப்படித்தான். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி குருசுக்குப்பத்திலோ கடலை ஒட்டி வசிப்பவர்களுக்கு, பின்பக்க இணைப்புகளில் தங்க முலாம் இருப்பது ஆடம்பரமாகாது. தங்கம் அரிக்காது என்பதால் அது பயனுள்ள செலவு. வூஃபரின் கோனைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சால் ஆனதா, ரப்பரால் ஆனதா என்று கேளுங்கள். நுரைப்பஞ்சு எடை குறைந்தது என்றாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் பொடிந்துவிடும். புதுச்சேரி ஞாயிறு சந்தையிலோ தெரிந்தவரிடமோ பழைய ஸ்பீக்கர் வாங்குவோர், முன்துணியைக் கழற்றி அந்த வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்காமல் பணம் தரக் கூடாது. ஸ்பீக்கர் பெட்டி செய்யப் பயன்படும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை சீரானது, அதிர்வை நன்கு அடக்குவது, விலையும் குறைவு. ஆனால் ஒருமுறை நீரில் ஊறினால் உப்பிப் பழைய நிலைக்குத் திரும்பாது. 2015 மழைவெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்கள், பெட்டியைத் தரையோடு வைக்காமல் தாங்கியின் மேல் வைக்கும் வகையைத் தேர்வது நல்லது.

சிறு செலவிலேயே முழுப் பலனும் கிடைத்துவிடும் இடங்களில் பெரும்பணத்தைக் கொட்டுவதையும் பார்க்கிறேன். ஸ்பீக்கர் ஒயரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் அதன் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் டிஏசி கருவிகளும் இவ்வாறே. 1982இல் வந்த சிடியின் 16 பிட் அளவே, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தருகிறது. ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியைச் சுழலவிடும் நம் அறைகளில் பின்னணி ஓசையே எளிதாக 40 டெசிபலைத் தாண்டும் நிலையில், 120 டெசிபல் வீச்சுக்காக லட்சம் ரூபாய் தருவதில் பயனில்லை. அந்தத் தொகை ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போனால் காதுக்குத் தெரியும்.

ஒப்பிட்டுக் கேட்கும் முறையில் நேரும் தவறு எல்லாவற்றையும் கெடுத்துவிடக்கூடியது. ஒரு கருவி மற்றதைவிட ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலே, அதை உரப்பு என்று உணராமல் தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும் நம் காது பொருள்கொள்கிறது. கைபேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலியைக் கொண்டாவது இரண்டையும் சம அளவில் வைத்த பிறகே கேட்க வேண்டும். ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்டபோதும் கண்ணால் பார்த்துக் கேட்டபோதும் கேட்போர் வேறுவேறு மதிப்பெண் தந்தனர். அனுபவசாலிகளும் இதற்கு விலக்காக இல்லை. கடைக்காரர் போடும் பதிவை மட்டும் கேட்காமல், நூறு முறை கேட்டுப் பழகிய பாடல்களை எடுத்துச் செல்லுங்கள். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியே நிற்கின்றனவா, தம்பூராவின் நாதம் குரலுக்குப் பின்னால் அறுபடாமல் தொடர்கிறதா என்று கவனியுங்கள்.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் உறவினர் இருப்பதால், விடுமுறைக்கு வரும்போது அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர் கொண்டுவரச் சொல்வது வழக்கம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கருவி இயங்கும். ஆனால் பிரெஞ்சு முறையில் எர்த் முள் சுவரிலுள்ள சாக்கெட்டில் இருப்பதால், அந்தப் பிளக்கை நம் சாக்கெட்டில் செருகினால் எர்த் இணைப்பே கிடைக்காது. உலோக உடல் கொண்ட கருவிக்கு அது உயிராபத்து. மின்கம்பியை நம் மூன்று முள் பிளக்கோடு கூடியதாக மாற்றியே ஆக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் கருவியை நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். இரண்டிலும் உத்தரவாதம் இங்கே பெரும்பாலும் செல்லாது. மிச்சமாகும் தொகையையும், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். உரிய பணிமனை பெரும்பாலும் சென்னையில்தான் இருக்கும்; 30 கிலோ எடையுள்ள கருவியை லாரியில் அனுப்ப, அதன் அசல் அட்டைப்பெட்டியும் உள்ளே இருந்த தெர்மாகோல் அச்சும் இல்லாவிட்டால் முகப்பு நசுங்கித்தான் போய்ச் சேரும். அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மழைச்சாரல் படாத பரணில் ஏற்றிவையுங்கள்.