பல்லில் இருப்பது பழைய தண்ணீர்: இளங்கலை உயிரியல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி, நர்சிங், எம்.பி.பி.எஸ். என எது படித்தாலும் சரி, ப்ராஜெக்ட் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் மூன்று தலைப்புக்குள்தான் சுற்றுவார்கள். ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு, ஏதோ ஓர் இலையின் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா என்பது, இல்லையென்றால் ஏதாவது ஒரு நோயைப் பற்றிய விழிப்புணர்வு சர்வே. மூன்றுமே நல்ல தலைப்புகள்தான், எல்லோரும் செய்துவிட்டார்களே என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை நடக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் சாம்பிள் எடுத்துவிடுகிறார்கள், பிறகு எண்கள் வருகின்றன, அப்புறம்தான் இந்த எண்களை வைத்து எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று தேடுகிறார்கள். வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் சரியாக அந்த இடத்தில்தான் கை வைப்பார்.

ஃப்ளோரைடிலிருந்தே ஆரம்பிக்கலாம். வழக்கமான திட்டம் இப்படி இருக்கும்: பென்னாகரம் பக்கம் நாலு ஊர், ஊருக்குப் பத்து வீடு, வீட்டுக் குடிநீரில் ஃப்ளோரைடு அளப்பது, அந்த வீட்டில் இருக்கும் கல்லூரி வயதுப் பிள்ளையின் பல்லைப் பார்ப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. பல்லில் பழுப்புக் கறை நன்றாகத் தெரிகிறது, தண்ணீரிலோ லிட்டருக்கு 0.6 மில்லிகிராம்தான் வருகிறது, ஆகவே தொடர்பு இல்லை என்று எழுதி ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பல்லின் மேலுறையான எனாமலில் ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு மிகுதியால் வரும் கறை, உண்டாவது அந்த எனாமல் உருவாகும் வயதில், அதாவது தோராயமாக முதல் எட்டு வயதுக்குள். ஆகவே இருபது வயதுக்காரரின் முன்பல்லில் தெரிவது அவர் பால்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் போன காலத்தில் குடித்த தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று குழாயில் வருவது காவிரித் தண்ணீர், பல்லில் இருப்பது அதற்கு முந்தைய போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்), இரண்டையும் ஒப்பிட்டால் தொடர்பு எப்படி வரும்? கேட்க வேண்டியது வேறு: எட்டு வயது வரை எந்த ஊரில் இருந்தீர்கள், குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர். அப்பா அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூரு போயிருந்தால் அந்தப் பிள்ளையின் பல் பெங்களூருத் தண்ணீரில் வளர்ந்த பல்லாகவும் இருக்கலாம்.

இதைப் புரிந்துகொண்டால் அருமையான ஒரு கேள்வி தானாகவே கிடைக்கிறது. ஒரே வீட்டில் காவிரித் தண்ணீர் வருவதற்கு முன்பு வளர்ந்த அக்காவும், வந்த பிறகு பிறந்த தம்பியும் இருப்பார்கள். வீடு, சாப்பாடு, குடும்பம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று, பெரிதாக மாறியது தண்ணீர். அந்த இரண்டு பேரின் பல்லையும் ஒப்பிடுங்கள். ஊருக்கு எந்த வருடம் உண்மையில் தண்ணீர் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் திட்டத்தின் தேதியை வைத்து எழுதிவிடாமல், டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். காவிரி வந்த பிறகும் சமையலுக்குப் போர் தண்ணீரையே பிடிக்கும் வீடுகள் இருக்கலாம், அதையும் கேட்காமல் விடக் கூடாது.

அளப்பதிலும் சின்னச் சின்னச் சறுக்கல்கள் உண்டு. ஃப்ளோரைடு சாம்பிளைக் கண்ணாடி பாட்டிலில் எடுக்காதீர்கள், பாலித்தீன் பாட்டில்தான் சரி. இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. இந்த இரண்டையும் குழப்பி, முதல் அத்தியாயத்தில் ஒன்றும் முடிவுரையில் இன்னொன்றும் எழுதியிருப்பார்கள். பழுப்பாக இருப்பதெல்லாம் ஃப்ளோரோசிஸும் இல்லை, வெற்றிலைக் கறை உண்டு, டீக் கறை உண்டு, சொத்தை உண்டு. 1942 இல் டீன் என்ற பல் ஆய்வாளர் வகுத்த ஃப்ளோரோசிஸ் தரவரிசைப்படி பார்ப்பதானால் அதிகம் பாதித்த இரண்டு பற்களைப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே அளவில் இல்லையென்றால் குறைவாகப் பாதித்த பல்லின் மதிப்பெண்ணைத்தான் எழுத வேண்டும். முதல் முறை பல் பார்க்கிறவர்கள் ஒரு பல் மருத்துவரிடம் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே பிள்ளையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல் எழுதுங்கள். முடிந்தால் பல் பார்க்கிறவருக்கு அந்த வீட்டுத் தண்ணீர் அளவு தெரியாமல் இருக்கட்டும். போர் தண்ணீரில் அதிகம் என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே கறையைத் தேடும்.

சரி, இலைச்சாறு. குப்பைமேனி, ஆவாரை, நுணா, வேம்பு என்று எதையாவது பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, கிருமி தடவிய ஜெல் தட்டில் குழி போட்டு ஊற்றி, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் கிருமி வளராமல் தெளிவாக இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பது. இதில் முதல் சறுக்கல், வெறும் மெத்தனாலை ஊற்றிய குழி ஒன்று அதே தட்டில் இல்லாமல் போவது. மெத்தனாலே கிருமியைக் கொல்லும், ஆகவே அந்தக் குழி இல்லாவிட்டால் கொன்றது இலையா கரைப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, ஒரே தட்டில் மூன்று குழி போட்டுவிட்டு மூன்று முறை செய்ததாக எழுதுவது. அது ஒரே பானைச் சோற்றில் மூன்று பருக்கை எடுத்துப் பார்ப்பது மாதிரி, அந்தப் பானை வெந்ததா என்று தெரியுமே தவிர அடுத்த பானை பற்றி ஒன்றும் தெரியாது. வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த கிருமியில், முடிந்தால் வேறு வேறு செடியிலிருந்து எடுத்த சாற்றில் செய்தால்தான் அது மூன்று. கிருமியின் அளவையும் கண்ணால் பார்த்துக் கலக்கக் கூடாது. 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான கலங்கலோடு ஒப்பிட்டுக் கொண்டுவர வேண்டும், அது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமி. அதைவிட நீர்த்துப்போன கலவையைத் தடவினால் வட்டம் பெரிதாக வரும், எல்லோரும் மகிழ்ச்சியாகப் போட்டோ எடுப்பார்கள்.

எனக்கு இதில் அதிகம் எரிச்சல் தருவது, சாற்றையும் ஆன்டிபயாடிக்கையும் நேருக்கு நேர் நிறுத்துவது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊறிய காகித வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். நீங்கள் குழியில் விட்டது பல மில்லிகிராம் கச்சாச் சாறு. இரண்டுக்கும் 18 மில்லிமீட்டர் வந்தால் மூலிகை மருந்துக்கு நிகர் என்று எழுதுவது எந்தக் கணக்கில் சேரும்? போதாதற்கு வட்டத்தின் அகலம் அந்தப் பொருள் ஜெல்லில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. ஆன்டிபயாடிக் வட்டு எதற்கு என்றால், தட்டும் கிருமியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க. அவ்வளவுதான்.

செடி எது என்பதையும் சும்மா விடக் கூடாது. கீழாநெல்லி என்ற பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் பறிக்கப்படுகின்றன, சந்தையில் வாங்கியதைக் கீழாநெல்லி என்று எழுதினால் நீங்கள் சோதித்தது எதை என்று உங்களுக்கே தெரியாது. ஒரு கிளையைப் பூவோடு காயோடு அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியம் ஷீட் செய்து, துறையில் வகைப்பாடு தெரிந்த ஆசிரியரிடமோ கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்திலோ காட்டி, எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். சித்தேரி, வத்தல்மலை என்று போய்ப் பறிப்பதானால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சொன்ன மருத்துவக் குறிப்பை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சில் ஏற்றுவதும் தவறுதான், நன்றி பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டால் சரியாகிவிடாது.

சர்வேக்கு வருவோம். தலைப்பு கிருஷ்ணகிரி மாவட்ட மக்களின் சர்க்கரை நோய் விழிப்புணர்வு என்று இருக்கும், உள்ளே பார்த்தால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட கூகுள் ஃபார்முக்குப் பதில் சொன்ன 60 பேர் இருப்பார்கள், அதில் 50 பேர் நண்பர்கள். ஃபார்மை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்றே தெரியாதபோது மாவட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. நேரில் போனாலும் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது முக்கியம். காலை பதினொரு மணிக்கு ஊருக்குள் போனால் சிப்காட்டுக்குப் போனவர் இல்லை, நூறு நாள் வேலைக்குப் போனவர் இல்லை, பெங்களூருவில் வேலை செய்பவர் இல்லை. திண்ணையில் இருக்கும் பாட்டியும் தாத்தாவும்தான் பதில் சொல்வார்கள், அந்த ஊரில் சர்க்கரை நோய் விகிதம் எகிறிவிடும்.

மொழி என்பது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழில் மட்டும் கேள்வித்தாள் வைத்துக்கொண்டு போனால் ஒன்று அவர்களை விட்டுவிடுவீர்கள், இல்லையென்றால் கூட வந்த நண்பன் நின்ற இடத்தில் மொழிபெயர்த்துச் சொல்வான், வீட்டுக்கு வீடு கேள்வி மாறும். முன்கூட்டியே மூன்று மொழியிலும் எழுதி, மொழி தெரிந்த வேறொருவரை விட்டுத் திருப்பித் தமிழாக்கச் சொல்லிப் பாருங்கள், எங்கே பொருள் நழுவியது என்று பளிச்சென்று தெரியும். அப்புறம், புகையிலை கெடுதல் என்று உங்களுக்குத் தெரியுமா என்பதெல்லாம் கேள்வியே இல்லை, தெரியாது என்று யார் சொல்வார்கள்?

எத்தனை பேர் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிடுங்கள். பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று நினைக்கும் ஒன்றை, ஐந்து சதவீதம் முன்பின்னாக, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால் வழக்கமான சூத்திரப்படி 384 பேர் தேவை. அத்தனை பேரைப் பார்க்க நேரமில்லையா, கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், ஒரு விடுதி மாணவிகள் என்றோ ஒரு தெரு என்றோ வைத்துக்கொண்டு தலைப்பிலும் அதையே எழுதுங்கள். இருபது கேள்வியையும் ஆண், பெண், வயது என்று எல்லாவற்றோடும் குறுக்கே போட்டுப் பார்த்து, எங்கோ ஓரிடத்தில் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.04 வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். இருபது முறை தேடினால் ஒன்று தற்செயலாகவே 0.05 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே விழ வாய்ப்பு உண்டு.

மனிதர்களைத் தொடும் எந்த ஆய்வுக்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் முதலில் வாங்க வேண்டும். சாம்பிள் எடுத்த பிறகு முன்தேதியிட்டு வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. எங்கள் கலைக் கல்லூரியில் கமிட்டி இல்லையே என்பது காரணம் ஆகாது, கமிட்டி உள்ள வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் வழி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தலைமையாசிரியர் சரி சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதன் இசைவையும் கேட்க வேண்டும். விடுதி மாணவிகளுக்கு ஹீமோகுளோபின் பார்க்கிறீர்கள் என்றால், ஒருவருக்கு 7 கிராம் வந்துவிட்டால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே ரத்தசோகை, 8க்குக் கீழே கடுமையான ரத்தசோகை. எண்ணை மட்டும் எக்ஸெலில் ஏற்றிவிட்டு அந்தப் பெண்ணை அப்படியே அனுப்பிவிடக் கூடாது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் அழைத்துப் போவது என்று பேசி வையுங்கள்.

காலத்தையும் பாருங்கள். ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு மாம்பழ ஈ என்று தலைப்பு எடுத்தால், ஜனவரியில் கிருஷ்ணகிரித் தோப்பில் பூதான் இருக்கும், பழம் வரும்போது நீங்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பீர்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் அன்று ஓடிப்போய் ஒரு பாட்டில் பிடித்து வந்து தென்பெண்ணை மாசு என்று எழுதுவதும் அப்படித்தான். மேலே ஓரிடம், கீழே ஓரிடம், நுரை இல்லாத நாளிலும் ஒரு முறை என்று எடுக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே நிலைப்படுத்த வேண்டும், பஸ்ஸில் குலுங்கிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த தண்ணீரில் அளந்தால் அது வேறு எண். மலக்கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவைப் பார்க்கக் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

எழுதும்போது நடப்பவை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுபட்ட பதிலை எக்ஸெலில் 0 என்று போடாதீர்கள், காலியாக விடுங்கள். சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து செய்முறையை எடுத்து ஒட்டினால் உங்கள் லேபில் இல்லாத கருவியின் பெயரும் கூடவே வந்துவிடும். சாட்ஜிபிடி கொடுக்கும் மேற்கோள் கட்டுரைகளில் சில உலகத்திலேயே இல்லாதவை, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். எதிர்பார்த்தது வரவில்லை என்பதும் முடிவுதான், சாறு வேலை செய்யவில்லை என்றால் வேலை செய்யவில்லை என்றே எழுதுங்கள்.

மூன்றே நாளில் பப்ளிகேஷன், சர்டிஃபிகேட்டோடு என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி வீட்டுக் காசைக் கட்டாதீர்கள். யுஜிசி, ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன தன் கேர் பட்டியலையே 2025 இல் கைவிட்டுவிட்டது, ஆகவே அந்த முத்திரையைக் காட்டிப் பணம் கேட்கிறவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்தப் பணமும் உழைப்பும் வேறு இடத்தில் பயன்படும். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவ மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். என்ற இரண்டு மாத ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. பி.எஸ்சி. மாணவர்களுக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, நமக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் பெங்களூருவின் பெரிய லேப்கள் இருக்கின்றன. கோடைக்காலம் என்ற பெயரைப் பார்த்து மார்ச்சில் விசாரிக்கிறார்கள், விண்ணப்பமோ முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடுகிறது. பரிந்துரைக் கடிதத்துக்குக் கைடை தீபாவளிக்கு முன்பே போய்ப் பாருங்கள்.